ஆடி அமாவாசைக்கு ஆர்க்டிக்கில் ஒரு முழுக்கு

என் கணவர் திருச்சி பாய்லர் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வெல்டிங்கை மேற்பார்வை பார்த்தவர். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் காலையில் ஒரு சங்கு, மாலையில் ஒரு சங்கு என்று வாழ்ந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் காட்டூரில் கட்டிய வீட்டுக்கு வந்தோம். நான் அதற்கு ஒரு வருஷம் முன்புதான் தபால் ஆபீஸ் கவுண்டரிலிருந்து எழுந்திருந்தேன். இரண்டு பேருக்கும் செய்ய ஒரு வேலையும் இல்லை. நான் அதை அனுபவித்தேன். அவரால் முடியவில்லை. மூன்றே மாதத்தில் வீட்டிலிருந்த குழாய்களை எல்லாம் பிரித்து மாட்டிவிட்டு, அடுத்ததாக வானத்தின் பக்கம் திரும்பினார்.

ஒருநாள் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"முழு சூரிய கிரகணம் வருது."

"எப்பங்க? சமையலை முன்னாடியே முடிச்சிடணுமா?"

"இங்க தெரியாது. ஆர்க்டிக்ல தெரியும்."

"அப்ப சரி," என்று நான் கீரையைப் பார்த்துக் குனிந்தேன்.

அவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். படத்தில் கறுப்புக் கடல், வீடு வீடாக மிதக்கும் பனிப்பாறைகள், நடுவில் ஒரு சின்னக் கப்பல். கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில், கடல் நிலத்துக்குள் நுழைந்து போகும் ஓர் இடத்தில், சரியாக நிழல் விழுகிற பாதையில் அந்தக் கப்பல் நிற்குமாம். நூறு பேரை மட்டும்தான் ஏற்றுவார்களாம். அதில் நாங்கள் இரண்டு பேர். மாடி எடுக்கலாம் என்று வைத்திருந்த பணத்தைக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. "மாடி எடுத்தாலும் ஏறி வானத்தைத்தானே பார்க்கப் போறோம்" என்றார்.

விஷயம் இரண்டு பேரோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு அவருடைய அக்காவைப் பார்க்கப் போனோம். என் நாத்தனாருக்கு அறுபத்தெட்டு வயது. தனியாக இருக்கிறார். தினமும் விடியற்காலையில் காவேரிக் குளியல், பிறகு கோயில், பிறகுதான் காபி. கிரகணம் என்றால் அவருக்கு அது ஓர் ஆபீஸ் மாதிரி. எத்தனை மணிக்குப் பிடிக்கிறது, எத்தனை மணிக்கு விடுகிறது, யார் யார் பரிகாரம் செய்ய வேண்டும் என்பதெல்லாம் தெருவில் பாதிப் பேர் அவரிடம்தான் கேட்டுக்கொள்வார்கள். கிரகணத்தை ஒருபோதும் கண்ணால் பார்த்ததில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து ஜபிப்பார். அப்படிப்பட்டவரிடம் போய், கிரகணம் பார்க்க உலகத்தின் உச்சிக்குப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? ஆட்டோவில் போகும்போதே என் கணவர் மூன்று விதமாக ஒத்திகை பார்த்தார்.

சொன்னதும் நாத்தனார் பஞ்சாங்கத்தை எடுத்தார். விரலை வைத்து நகர்த்தினார்.

"டேய், அன்னிக்கு ஆடி அமாவாசைடா."

"ஆமாக்கா. அமாவாசைலதானே சூரிய கிரகணம் வரும்."

"அது தெரியும். ஆடி அமாவாசையும் கிரகணமும் ஒண்ணா வருது. அன்னிக்குச் சமுத்திர ஸ்நானம் பண்ணா எவ்வளவு விசேஷம் தெரியுமா உனக்கு?"

"இங்க கிரகணம் தெரியாதே அக்கா."

"அதான் நானும் சொல்றேன். தெரியாத ஊர்ல தோஷமும் கிடையாது, புண்ணியமும் கிடையாது. புண்ணியம் வேணும்னா தெரியற இடத்துக்குத்தான் போகணும்." சற்று யோசித்தார். "அந்த ஊர்ல ஆறு மாசம் பகல், ஆறு மாசம் ராத்திரியாமே?"

"இன்னும் கொஞ்சம் வடக்கே போனா அப்படித்தான்."

"அது தேவர்களோட கணக்குடா. அவங்களுக்குத்தான் ஆறு மாசம் ஒரு பகல். அப்ப அது மேரு மலை பக்கம்னு அர்த்தம்." பஞ்சாங்கத்தை மூடினார். "நானும் வரேன். கிரகணம் பார்க்க வரல. குளிக்க வரேன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் விசிறியைப் பார்த்தேன்.

கப்பலில் எங்களுக்குக் கிடைத்த அறையில் மூன்றாவதாக ஒரு மடக்குக் கட்டில் இருந்ததும், ஒரு காலத்தில் மகனைப் பார்க்க வெளிநாடு போவதற்காக எடுத்து வைத்த தன் பாஸ்போர்ட் இன்னும் செல்லுபடியாக இருந்ததும் பகவத் சங்கல்பம் என்றார் நாத்தனார். விசாவுக்காகச் சென்னை போனபோது கவுண்டரிலிருந்த பெண் பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் நாத்தனார் "பாத்" என்று குளியலை ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டார். அந்தப் பெண் சுற்றுலா என்று போட்டுக்கொண்டாள்.

இனி குளிருக்குப் பழக வேண்டும். திருச்சி வெயிலில் அதற்கு எங்கே போவது? என் கணவருடைய பழைய நண்பர் ஒருவருக்கு உறையூரில் ஐஸ்கிரீம் மொத்த வியாபாரம். பின்பக்கம் ஒரு குளிர் அறை உண்டு. ஊருக்குப் பேர் பொருத்தமாக அமைந்தது. வெளியே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஆன்லைனில் வாங்கிய கம்பளி உள்ளாடை, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் மட்டும் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "உடம்புக்கு முடியலையாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

குளிர் அறைக்குள் வெனிலா பெட்டிகளுக்கும் குல்ஃபிப் பெட்டிகளுக்கும் நடுவே நின்றோம். பத்து நிமிஷம் நிற்க வேண்டும் என்று என் கணவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். மூன்றாம் நிமிஷத்தில் என் பல் தந்தியடித்தது. ஐந்தாம் நிமிஷத்தில் அவர், "போதும், ஒரு ஐடியா கிடைச்சிடுச்சு," என்று வெளியே ஓடினார். நாத்தனார் ஒரு குல்ஃபிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து முழுப் பத்து நிமிஷமும் ஏதோ ஸ்தோத்திரம் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். "மார்கழி மாசம் காவேரி இதைவிட ஜில்லுனு இருக்கும்," என்றார். எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

என் கணவர் தன் பங்குக்கு ஒரு வெல்டிங் கண்ணாடி எடுத்து வைத்தார். பதினாலாம் நம்பர், இருப்பதிலேயே கறுப்பானது. முகத்தையே மறைக்கும் கவசத்தில் அதைப் பொருத்தியிருந்தார். கப்பல்காரர்கள் கிரகணம் பார்க்க அட்டைக் கண்ணாடி கொடுப்பார்கள் என்று கடிதத்தில் இருந்தது. "அட்டைக் கண்ணாடியை நம்பி நான் கண்ணைக் கொடுக்க மாட்டேன். முப்பத்தஞ்சு வருஷம் இதைப் பார்த்துத்தான் சோறு தின்னிருக்கேன்," என்றார். கவசம் ஒரு பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. மீதிப் பாதியை நாத்தனாரின் புளிக்காய்ச்சல் பாட்டில்களும் பருப்புப்பொடியும் அடைத்துக்கொண்டன. என் துணிகளை அவரவர் பையில் இடுக்கு கிடைத்த இடத்தில் செருகினோம்.

மூன்று விமானம் மாறி ஐஸ்லாந்து போய்ச் சேர்ந்தோம். கப்பல் ஏறிய மறுநாள் ஒரு சோதனை நடந்தது. கரையில் இறங்கப் போகிறவர்களின் துணி, பை, பூட்ஸ் எல்லாவற்றிலும் விதையோ புல்லோ ஒட்டியிருக்கக் கூடாதாம். வெளியூர் விதை அந்த மண்ணில் விழுந்து முளைத்துவிட்டால் அங்கிருக்கும் செடிகளுக்கு ஆபத்து. ஒவ்வொருவராகப் பையைத் திறந்து காட்ட, ஒரு வழிகாட்டி இளைஞன் வேக்குவம் கிளீனரால் மூலை முடுக்கெல்லாம் உறிஞ்சினான். எங்களுக்கு முன்னால் நின்ற ஆள்களிடம் அவனுக்குக் கிடைத்தது நாலு நூல் பிசிறு.

நாத்தனாரின் துணிப்பையைத் திறந்தான். உள்ளே ஒரு கட்டு தர்ப்பைப் புல். அதற்கடியில் ஒரு பொட்டலம் கறுப்பு எள். இன்னும் அடியில் காய்ந்த துளசி.

அவன் முகம் வெளுத்துப்போனது. அவன் வேலைக்கு வந்த நாளிலிருந்து தேடியதெல்லாம் ஒரே பையில் இருந்தது போலிருக்கிறது. அனிச்சையாக வேக்குவம் குழாயை நீட்டினான். எள் பொட்டலம் பிரிந்து, சளசளவென்ற சத்தத்தோடு மொத்தமும் உள்ளே போய்விட்டது.

"ஐயய்யோ! தர்ப்பணத்துக்கு வச்ச எள்ளுடா அது!" என்று நாத்தனார் குழாயைப் பிடித்துக்கொண்டார். குழாய் அவருடைய முந்தானையையும் உறிஞ்ச ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் இழுத்தார்கள். என் கணவர் பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினார்.

பயணத் தலைவி வந்தாள். ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளைப் புருவம், கோபமே வராத முகம். நான் தபால் ஆபீஸ் ஆங்கிலத்தில் விளக்கினேன். எள் முன்னோர்களுக்கு, துளசி பெருமாளுக்கு, புல் சாப்பாட்டுக்கு மேல் போட. "சாப்பாட்டுக்கு மேல் புல்லா?" என்றாள். கிரகணக் கதிரிலிருந்து சாப்பாட்டைக் காப்பாற்ற என்றேன். அவள் தலையை ஆட்டி, புல்லும் துளசியும் கப்பலைவிட்டு வெளியே வராது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். எள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த வழிகாட்டி இளைஞன் அதற்குப் பிறகு நாத்தனாரைக் கண்டாலே வேறு படிக்கட்டில் போனான்.

இந்தக் கதை அன்று மாலைக்குள் சமையலறை வரை போய்விட்டது. தலைமைச் சமையல்காரர் குண்டான, மிகவும் அன்பான மனிதர். எங்கள் மேஜைக்கே வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். வெறும் சாதமும் தயிரும் போதும் என்றார் நாத்தனார். சமையல்காரர் சாதம் வடிக்கிற நேர்த்தியைப் பார்த்துவிட்டு, நாத்தனார் தன் புளிக்காய்ச்சலில் இரண்டு ஸ்பூன் எடுத்து அவருக்கும் கொடுத்தார். கண்ணில் நீர் வழிய அந்த மனிதர் அதைச் சாப்பிட்டு, நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டார்.

இரண்டு நாள் கடல். மூன்றாம் நாள் மலைகள் தெரிந்தன. பழுப்பும் சிவப்புமாக, ஒரு மரம்கூட இல்லாத மலைகள். கீழே தண்ணீரில் நீலமாக ஒளிரும் பனிப்பாறைகள். நாத்தனார் தளத்தில் கை கூப்பி நின்று, எதிரே தெரிந்த மிக உயரமான சிகரத்தை மேரு என்று முடிவு செய்தார். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கு எனக்கு அதன் பேர் தெரியாது.

கிரகணத்துக்கு முந்தின நாள் பகல் அறிவிப்பு ஒன்று வந்தது. விருப்பமுள்ளவர்கள் கடலில் குதித்துக் குளிக்கலாம், துண்டும் சூடான பானமும் தரப்படும். வடக்கே போகிற கப்பல்களில் இது ஒரு வேடிக்கை விளையாட்டாம்.

"இன்னிக்கு எதுக்கு? நாளைக்குத்தானே கிரகணம்," என்றார் நாத்தனார். "போய்ச் சொல்லிட்டு வாம்மா. நாளைக்குப் பிடி விட்டதும் வைக்கச் சொல்லு."

"அண்ணி, அது அவங்க போட்ட டைம் டேபிள்."

"கிரகணம் அதைவிடப் பழைய டைம் டேபிள்."

நான் பயணத் தலைவியிடம் போனேன். கிரகணம் விட்டபின் குளித்தால்தான் கணக்கு என்பதையும், என் நாத்தனார் ஒருவேளை அனுமதி இல்லாமலேயே குதித்துவிடக்கூடும் என்பதையும் சொன்னேன். இரண்டாவது தகவல்தான் அவளை யோசிக்க வைத்தது. சாயங்காலம், குளியல் நாளைக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். டாக்டர் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். நாத்தனாருக்கு இருபது வயதுப் பெண் மாதிரி இருந்தது. எனக்குத்தான் அளவு ஏறிக் கிடந்தது. ஏன் என்று கேட்டார். காரணம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால், கப்பல் ஆட்டம் என்றேன்.

உடை விஷயத்தில் ஒரு சிக்கல். நீச்சல் உடை என்றார்கள். நாத்தனார் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இதைப் போட்டுக்கிட்டு குளிச்சா புதுசா பாவம் சேரும்," என்றார். ஆறு கஜம் புடவை ஆபத்து என்று தலைவி சொன்னாள். கடைசியில் கம்பளி உள்ளாடைக்கு மேல் நைட்டி, அதற்கு மேல் கயிறு கட்டிய இடுப்புப் பட்டை என்று உடன்பாடு ஆனது.

கிரகண நாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்கு ஆச்சரியம். மேஜையிலிருந்த ஒவ்வொரு தயிர்க் கிண்ணத்தின் மேலும் ஒரே ஒரு பச்சைத் தாள், வெங்காயத்தாள் மாதிரி ஏதோ, தர்ப்பை போலக் குறுக்கே வைக்கப்பட்டிருந்தது. சமையல்காரர் வாசலில் நின்று நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் விரதம், சாப்பிடவில்லை. ஆனால் போய் ஒவ்வொரு கிண்ணமாகப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு நல்ல மனசு," என்றார். பிறகு கிரகணம் பிடிக்கும் நேரத்துக்கு அறைக் குழாயில் முதல் குளியலை முடித்து, திரையை இழுத்துவிட்டு ஜபத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே எல்லோரும் தளத்தில் கூடிவிட்டோம். காலையிலிருந்தே மேகம். என் கணவர் கவசத்தை நெற்றிக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, சரியாகப் பிடிக்காத வெல்டைப் பார்ப்பதுபோல வானத்தை முறைத்துக்கொண்டிருந்தார். கேப்டன் கப்பலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி ஒரு நீல ஓட்டையைத் தேடினார். கடைசி அரைமணியில் அது கிடைத்தது. சூரியனை யாரோ ஓரத்தில் கடித்திருந்தார்கள். அட்டைக் கண்ணாடி வழியே நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடி பெரிதாகிக்கொண்டே போனது.

வெளிச்சம் மாற ஆரம்பித்தது. சாயங்கால வெளிச்சமும் இல்லை, மழை வரும்போது வருகிற இருட்டும் இல்லை. மனிதர்களின் முகங்களெல்லாம் ஈயம் பூசியதுபோல் ஆகிவிட்டன. பறவைகள் சத்தம் நின்றது. மலைகளின் மேல் ஓர் இருட்டு ஓடி வந்தது. அது எங்களை நோக்கி வருவதைக் கண்ணால் பார்த்தேன். சூரியன் பட்டென்று அணைந்தது. தளத்திலிருந்த நூறு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நானும் கத்தினேன்.

கண்ணாடியைக் கழற்றுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முழுதாக மறைந்திருக்கும் அந்த இரண்டு நிமிஷம் வெறும் கண்ணால் பார்க்கலாம், பார்த்தால்தான் தெரியும். நான் கழற்றினேன். பக்கத்தில் திரும்பினால் என் கணவர் கவசத்தை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அதற்கடியில் குரங்குக் குல்லா, அதற்கு மேல் காதுக் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் கோட்டின் தொப்பி. ஒலிபெருக்கி என்ன, இடி விழுந்தாலும் கேட்காது.

"என்னங்க! கழட்டுங்க!"

"ஒண்ணும் தெரியலையே! மேகம் வந்துடுச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கழட்டுங்க! அதை எடுங்க!"

"என்னது, கண்ணெடுக்கக் கூடாதா? நான் எடுக்கவே இல்ல!"

அவர் தோளில் குத்தினேன். குளிரில் தட்டிக்கொடுக்கிறேன் என்று நினைத்து என் கையைப் பாசமாகப் பிடித்துக்கொண்டார். இந்த நேரத்தில் பின்னால் படிக்கட்டுக் கதவு படாரென்று திறந்தது. நாத்தனார். ஆரஞ்சு நிறத்தில் உயிர்காப்பு அங்கி மாட்டியிருந்தார். ஒரு கையில் ஜபமாலை, மறு கையில் மூன்று பேருடைய பாஸ்போர்ட்டும். நூறு பேர் கத்தியதைக் கேட்டு, கப்பல் மூழ்குகிறது என்று நினைத்து ஓடி வந்திருக்கிறார்.

"எந்தப் பக்கம் சாயுது?" என்று கேட்டுக்கொண்டே, எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தார்.

பார்த்தவர் பார்த்தபடியே நின்றுவிட்டார். அறுபத்தெட்டு வருஷ ஜன்னல் சாத்தல் அதோடு முடிந்தது. மாலை கையிலிருந்து நழுவித் தளத்தில் விழுந்தது, அவர் குனியவில்லை. நானும் அப்போதுதான் நிமிர்ந்து நேராகப் பார்த்தேன். சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றி நீள நீளமாக வெள்ளை வெளிச்சம், அசையாமல். பக்கத்தில் ஒரு நட்சத்திரம் பகலிலேயே எரிந்துகொண்டிருந்தது. கீழே பனிப்பாறை எல்லாம் ஊதா நிறம். எனக்கு எவ்வளவு நேரம் கிடைத்ததோ, கால் நிமிஷம் இருக்கலாம். அதற்கு மேல் என்னால் இந்த மனிதரை விட்டுவைக்க முடியவில்லை. இரண்டு கையாலும் கவசத்தைப் பிடித்து மேலே தள்ளினேன்.

அந்த நொடியில் வட்டத்தின் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வெடித்தது. ஒற்றைக்கல் மூக்குத்தி மாதிரி பளீரென்று ஒரு மினுக்கு. அவ்வளவுதான். பகல் திரும்பி வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என் கணவர் கவசத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டினார்.

"முடிஞ்சிடுச்சா?" என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். சிரிப்பு வந்துவிடும் என்று பயமாகவும் இருந்தது, அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அதைப் பற்றி வருத்தப்பட நேரம் இருக்கவில்லை. சூரியன் முழுதாக விடுபட்டதும் நாத்தனார் நைட்டியோடு கீழ்த் தளத்துக்கு வந்துவிட்டார். படகில் ஏறி இறங்குகிற மேடையிலிருந்துதான் குதிக்க வேண்டும். தண்ணீரில் பனிக்கட்டிகள் மோதிக் கிலுகிலுவென்று சத்தம். பட்டையைக் கட்டி, கயிற்றின் மறுமுனையை இரண்டு மாலுமிகள் பிடித்துக்கொண்டார்கள். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன்.

"கோவிந்தா!" என்று ஒரு குரல். தண்ணீர் தெறித்தது. மாலுமிகள் கயிற்றை இழுத்து மேடையில் ஏற்றினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டி முடிப்பதற்குள் நாத்தனார் மறுபடியும் குதித்துவிட்டார்.

மாலுமிகள் அலறிக்கொண்டு இழுத்தார்கள். மேலே வந்தார், மூச்சு வாங்கினார், மூன்றாவது தடவையும் குதித்தார். தலைவி என் தோளைப் பிடித்து உலுக்கி, என்ன நடக்கிறது என்று கேட்டாள்.

"மூன்று முழுக்கு போட வேண்டும். ஒன்று போட்டால் கணக்கில் சேராது," என்றேன்.

குளியல் அங்கியில் வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியம்மா இதைக் கேட்டு, மூன்று போட்டால் என்ன கிடைக்கும் என்றார். ஏழு பிறவிப் பாவம் போகும் என்று சொல்லிவைத்தேன். அந்தத் தகவல் வரிசையில் பின்னோக்கிப் போவதை என் கண்ணால் பார்த்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட அங்கி மாட்டிக்கொண்டு வரிசையில் சேர்ந்தார்கள். பெரியம்மா குதிக்குமுன் நாத்தனாரைப் பார்த்து, அந்தச் சொல் என்ன என்று சைகையில் கேட்டார். அப்புறம் ஒரு மணிநேரம் அந்தக் கடலில் "கோவிண்டா! கோவிண்டா!" என்ற சத்தம்தான். ஆளுக்கு மூன்று. மாலுமிகளின் கை ஓய்ந்துபோனது. மலைப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஏதோ கொம்பு மாடுகள் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தன.

"நீ ஏம்மா நிக்கற?" என்றார் நாத்தனார், நீல உதட்டோடு.

"எனக்கு பிரஷர் அண்ணி. டாக்டர் வேணாம்னு..."

"டாக்டர்தான் இப்ப குதிச்சாரு, பாரு."

உண்மைதான். டாக்டர் தண்ணீரில் இருந்தார். ஏறி வந்ததும் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு தடவை என்றால் பரவாயில்லை என்று அவரே சொல்லிவிட்டார். நான் குதித்தேன். அந்த நேரத்தில் எனக்கு என் பேர் மறந்துபோனது. ஊர், கணவர், பென்ஷன் நம்பர் எல்லாம் மறந்துபோனது. மேலே வந்தபோது என் தொண்டையிலிருந்து கோவிந்தனும் வரவில்லை, வேறு யாரும் வரவில்லை. ஒரு விக்கல்தான் வந்தது.

மேடையில் ஒரு மாலுமி தட்டில் சின்னச் சின்னக் கோப்பைகளோடு நின்றான். ஏறி வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று. நாத்தனார் வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். அவன் கொஞ்சம் விழித்துவிட்டு, கோப்பையை அப்படியே அந்தக் கையில் கவிழ்த்தான். நான் தடுப்பதற்குள் அவர் அதைக் கண்ணில் ஒற்றி, குடித்து, ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டார்.

"என்ன தீர்த்தம் இது? தொண்டை எரியுது."

"பச்சைக் கற்பூரம் கொஞ்சம் தூக்கலா போட்டிருப்பாங்க அண்ணி," என்றேன்.

"நெஞ்சு வரைக்கும் சூடா இறங்குது. மேருல இருக்கிற தீர்த்தம்னா சும்மாவா," என்று இரண்டாம் தடவை கையை நீட்டினார். இதுவரை அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

திரும்பி வந்த வாரம் ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டில் கூட்டம். தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர், அதில் பாதிப் பேர் பிள்ளைகளோடு. எல்லோருக்கும் காபி கொடுத்து உட்கார வைத்தார். கப்பலில் எத்தனை கழிவறை, கரடி வந்ததா, தயிர் புளிக்குமா என்றெல்லாம் கேட்டார்கள். ஒருவர் என் கணவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார், அந்தக் கிரகணம் எப்படி இருந்துச்சு? நேர்ல பார்த்திருக்கீங்களே," என்றார்.

என் கணவர் தொண்டையைச் செருமினார். நிழல் எத்தனை வேகத்தில் ஓடும், சந்திரன் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசினார். எல்லாம் சரியான தகவல்கள். அப்புறம் அவர் குரல் தேய்ந்தது. கையிலிருந்த டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, "எப்படி இருந்துச்சுன்னா... அக்கா, நீ சொல்லு," என்றார்.

நாத்தனார் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட சங்கடம் முகத்தில் ஒரு நொடி இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த குழந்தைகளைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"சொல்றேன், கேளுங்க," என்று அவர் இரண்டு கையையும் மேலே தூக்கி வட்டமாக வைத்துக் காட்டினார். என் கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.